இணைச்சீர் எடுக்கும் போட்டாக்காரம்மா

நான் தனியாகக் கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் ஸ்டுடியோ முதலாளி சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தைத் தள்ளிப்போட்டதும் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

சேலத்தில் கடைவீதிப் பக்கம் இருந்தது அவருடைய ஸ்டுடியோ. எழுபதுகளின் முதல் பாதி முழுக்க நான் அங்கே டச்சிங் வேலை பார்த்தேன். நெகட்டிவைச் சாய்வான கண்ணாடிப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, கூர்மையாகச் சீவிய பென்சிலால் முகத்தில் உள்ள அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பையும் மறைக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய முகத்தை நான் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிப்போன நிலையில்தான் பார்த்திருக்கிறேன். தெருவில் எதிரே வந்தால் யாரென்று தெரியாது. நெகட்டிவைக் கொடுத்தால் இன்ன வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவேன்.

முதலாளி எடுத்து வரும் கல்யாணப் படங்களும் என் மேசைக்குத்தான் வரும். அவர் தாலி கட்டும் நேரத்துக்குப் போய் இறங்குவார், எடுப்பார், சாப்பிடுவார், வந்துவிடுவார். மணப்பெண் தலையைக் குனிந்திருப்பாள், அல்லது கண்ணை மூடியிருப்பாள், அல்லது யாரோ ஒரு சித்தப்பாவின் முதுகு அவளை மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவை, "பொண்ணு கண்ணு மூடியிருக்குதுங்க" என்று சொன்னேன். "நீ எதுக்கு இருக்கற? தெறந்து வையி" என்றார். திறந்து வைத்தேன். பென்சிலால் நான் வரைந்த கண்ணோடு அந்தப் பெண் இன்னமும் ஏதோ ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது அவளுடைய கண்ணே இல்லை. அப்படி எத்தனை பேருக்குக் கண் வரைந்திருப்பேன். வரைந்து வரைந்து, உள்ளபடியே கண் திறந்திருக்கும்போது ஒருவர் எடுத்தால் என்ன என்று எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த ஒருவர் ஏன் நானாக இருக்கக் கூடாது என்று தோன்றியபோது, வேலையை விட்டுவிட்டேன்.

"பொம்பளைய நம்பி எவன் கல்யாணத்தக் குடுப்பான்?" என்றார் முதலாளி. "செத்துப்போன படத்துக்கு டச்சிங் பண்ணலாம். தாலி கட்டறத மறுபடியும் கட்டச் சொல்ல முடியுமா? போயிட்டு வா. உன் மேசைய அப்படியே வெச்சிருக்கேன். நீயே வந்து உக்காருவ."

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. கல்யாணம் ஒரு தடவைதான் நடக்கும். முதல் கல்யாணத்தில் சொதப்பினால் இரண்டாவது கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆண்பிள்ளை சொதப்பினால் அன்றைக்கு நேரம் சரியில்லை என்பார்கள். நான் சொதப்பினால் பொம்பளை என்பார்கள். அப்புறம் அந்த மேசைதான், அந்தப் பென்சில்தான், அந்தச் சிரிப்புதான். மேசைக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எந்தப் பெரிய ஆசையும் இல்லை.

என் வீட்டுக்காரர் தறிக்காரர். நாங்கள் இருவருமே நெசவுக் குடும்பம். பட்டுச்சேலைத் தறி வீட்டிலேயே இருந்தது. அவர் பேச்சில் சிக்கனம். நான் கேமரா வாங்க வேண்டும் என்றதும் தறியை நிறுத்தினார், யோசித்தார், "வெளக்கு யார் புடிக்கறது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "நான் புடிக்கறேன்" என்று அவரே சொல்லிவிட்டுத் தறியில் இறங்கினார். என் வளையல்கள் போய், இரண்டு கண்ணாடி மேலும் கீழும் இருக்கும் பழைய கேமரா ஒன்று வந்தது. அதை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை எல்லாம் நிற்க வைத்துப் பழகினேன். நன்றாக வந்த படம் ஒன்றைத் தறிக்கு மேலே சுவரில் மாட்டினேன்.

அந்தப் படத்தால்தான் முதல் கல்யாணம் வந்தது. நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர், மகன் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை வாங்க எங்கள் வீடு தேடி வந்தார். அரக்குப் பட்டில் என் வீட்டுக்காரர் நெய்து அப்போதுதான் தறியிலிருந்து அறுத்திருந்த சேலை ஒன்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. சேலையை மடித்துக் கொடுக்கும்போது சுவரைப் பார்த்தார்.

"இந்தப் போட்டா ஆருங்க எடுத்தது?"

என் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார். பண்ணையக்காரர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொம்பளைங்க எடுப்பாங்களா?" என்றார். "அதான் எடுத்திருக்குதுங்களே" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். பண்ணையக்காரருக்கு என்ன தோன்றியதோ, பெண் வீடு எருமப்பட்டிப் பக்கம், கல்யாணம் அங்கேதான், இன்ன நாளில் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்துக் குடியானவர் கல்யாணம் ஒன்றைக்கூட நான் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. எங்கள் நெசவுத் தெருக் கல்யாணம் எனக்கு அத்துப்படி. எல்லாக் கல்யாணமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் புதுசு என்று தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. எனக்கு இருக்கும் திமிர் அப்படி. அது நல்லதும் செய்திருக்கிறது, கெட்டதும் செய்திருக்கிறது.

முகூர்த்தம் காலையில். நாங்கள் சேலத்திலிருந்து முந்தின நாளே கிளம்பி நாமக்கல் வந்து, அங்கிருந்து எருமப்பட்டி பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து ஒரு மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தோம். விடிந்து பார்த்தால் கொல்லிமலை ஊருக்குப் பக்கத்திலேயே நின்றது. கடலைக்காட்டுக்கு நடுவில் வீடு, வீட்டுக்கு முன்னால் பெரிய தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் நுழைந்ததும் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் போய், "வாங்க போட்டாக்காரரே, காப்பி குடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். இவர் ஃப்ளாஷ் விளக்கைத் தூக்கிக் காட்டி, "நான் இதுங்க. அதுதானுங்க போட்டா" என்று என் பக்கம் தலையை ஆட்டினார். பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கேமராவைத் துடைத்தேன்.

கையில் மூன்று ரோல் ஃபிலிம் இருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம் விழும். தாலி கட்டுவதற்கும் அதற்கு அப்புறம் உள்ளதற்கும் என்று கடைசி ரோலைத் தனியாகப் பையின் அடியில் வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையை அழைத்து வந்து மணவறையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ. அருமைக்காரர் என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லும் பெரியவர்தான் சடங்கை நடத்தினார். அவர்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை, அவர்தான் எல்லாம். அவர் ஒரு சேலையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் ஒரு தலைப்பை மாப்பிள்ளையிடமும் மறு தலைப்பை அந்தப் பெண்ணிடமும் கொடுத்தார்.

அந்தச் சேலையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எங்கள் வீட்டுத் தறியில் ஓடிய அரக்குப் பட்டு. கரையில் எந்த இடத்தில் இழை அறுந்து முடிச்சுப் போட்டோம் என்பதுகூட எனக்குத் தெரியும். கூறைச்சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மணப்பெண் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? வேறு யாராவது போட்டாக்காரராக இருந்தால் ஆளைப் பார்த்திருப்பார். கல்யாணப் பெண்ணுக்குக் கொஞ்சம் வயது கூடவோ என்று யோசித்திருப்பார். தறிக்காரி நான் சேலையைப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு எடுக்க ஆரம்பித்தேன். மணப்பெண் தலை குனியவில்லை, வெட்கப்படவில்லை, நேராகக் கேமராவைப் பார்த்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டச்சிங் மேசையில் நான் ஒரு நாளும் பார்க்காத மணப்பெண் இது என்று நினைத்துக்கொண்டேன். முகம் மட்டும், கை மட்டும், சேலைத் தலைப்பு இரண்டு பேர் கையிலும் இருப்பது தெரிகிற மாதிரி, பக்கவாட்டில், எதிரில் என்று எடுத்துத் தள்ளினேன். முதல் ரோல் தீர்ந்தது. அடுத்ததையும் மாட்டினேன். பந்தலில் இருந்தவர்களுக்கும் ஏதோ ஆச்சரியம் என்று தெரிந்தது. பொம்பளை எடுக்கிற அழகைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாவது ரோலும் முடியப் போகிற நேரம். நல்லதாக ஒன்று எடுத்து முடிப்போம் என்று, "மாப்பிள்ளை, பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு அவங்க முகத்தப் பாருங்க" என்றேன்.

மேளம் நின்றது. உண்மையிலேயே மேளக்காரர் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னார். "ஏனுங்கம்மா, நா பொண்ணில்லீங்க. இவன் என்ற தம்பீங்க. இது இணைச்சீருங்க."

பந்தல் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அருமைக்காரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பப் போய்ச் சிரிப்பில் புரையேறி இருமினார். கல்யாணப் பெண் இன்னும் ஊட்டுக்குள்ளதான் இருக்குதுங்க என்று யாரோ எனக்கு விளக்கம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காது சுட்டது. மேசை, பென்சில், முதலாளியின் சிரிப்பு எல்லாம் வரிசையாக வந்து கண்முன் நின்றன.

இணைச்சீர் என்றால் என்னவென்று அப்புறம் தெரிந்துகொண்டேன். தம்பி தாலி கட்டும் நேரம் வருவதற்கு முன், கூடப் பிறந்தவளை அவனுக்கு இணையாக உட்கார வைத்துச் செய்கிற சீர் அது. இவன் இனி ஒருத்திக்குப் புருஷன் ஆகப்போகிறான், ஆனாலும் இந்த வீட்டில் உன் உரிமை எங்கும் போகாது என்று கூறைச்சேலையைச் சாட்சி வைத்து அவளுக்குச் சொல்வார்கள். அந்தச் சீர் ஏற்கும் பெண்ணைச் சீர்க்காரி என்பார்கள். நான் இரண்டு ரோல் ஃபிலிமைச் சீர்க்காரி மேல் தீர்த்திருந்தேன்.

அந்தப் பந்தலில் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். சீர் முடிந்து எழுந்தபோது என் பக்கத்தில் வந்தார்.

"இத்தன நேரம் என்னையவா எடுத்தீங்க?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"எல்லாம் உழுந்திருக்குமுங்களா?"

"விழுந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து, "நெசமாத்தான் உழுந்திருக்குமுங்களா?" என்று மறுபடியும் கேட்டார். எனக்கு இருந்த கடுப்பில், விழுந்திருக்கும் என்றுதானே சொல்கிறேன் என்று வள்ளென்று விழுந்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

கடைசி ரோலை மாட்டினேன். நாமக்கல்லுக்குப் போய் ஃபிலிம் வாங்கி வர நேரமில்லை. வேறு வழியில்லாதபோது எனக்கு ஒரு நிதானம் வரும். அன்றைக்கும் வந்தது. தாலி, மாலை, இருவரும் சேர்ந்து வெளியே வருவது, பெற்றவர்கள், உறவு எல்லாவற்றையும் இந்தப் பன்னிரண்டுக்குள் அடக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன்னால் டச்சிங் மேசையில் நான் பார்த்த குறைகளை நினைத்துப் பார்த்தேன். முதுகு மறைக்கிறதா, கை பாதியில் வெட்டுப்படுகிறதா, கண் திறந்திருக்கிறதா. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் விரல் அழுத்தினேன்.

தாலி கட்டும் நேரம் வந்தது. கூட்டம் முழுக்க எழுந்து அரிசியோடு கையை நீட்டிக்கொண்டு மணவறையைச் சுற்றிக்கொண்டது. நான் குள்ளம். முன்னால் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கேமராவைத் தலைகீழாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து அதன் கண்ணாடியைப் பார்த்தேன். அப்போது மணவறை தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மணப்பெண் வழக்கம்போலத் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். வகிடு மட்டும்தான் தெரிந்தது. போச்சு, இதுவும் பென்சில் கேஸ்தான் என்று நினைத்தேன்.

சீர்க்காரி அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். குனிந்து அவள் தாடையில் கை வைத்து, "தல நிமுரு சாமி. அந்தம்மா கையத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க பாரு. அவங்களப் பாரு" என்றார். மணப்பெண் நிமிர்ந்து, தலைக்கு மேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து நின்ற என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் தாலி கழுத்தில் ஏறியது. நான் அழுத்தினேன்.

சேலம் வந்து சேர்ந்ததும், குளியலறை ஜன்னலைப் பழைய சேலையால் அடைத்து நெகட்டிவைக் கழுவ உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அன்று தறியில் இறங்கவே இல்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முப்பத்தாறும் விழுந்திருந்தன. தாலிப் படத்தில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், கண் இரண்டும் திறந்திருந்தன. அவளுடைய சொந்தக் கண்கள். பென்சிலை நான் தொடவே இல்லை. கதவைத் திறந்து நெகட்டிவை அவரிடம் காட்டினேன். அவருக்கு நெகட்டிவ் பார்க்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, காப்பி போடறேன்" என்று எழுந்து போனார்.

ஆனால் படம் நன்றாக வருவது ஒன்று, ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னொன்று. கறுப்பு அட்டையில் படங்களை ஒட்டி எடுத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் அந்தப் பண்ணையக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மகள், மகள், மகனும் மகளும், மகள் கை, மகள் முகம். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஏனுங்கம்மா, கல்யாணம் என்ற மவனுக்கா, மவளுக்கா?" என்றார். "மருமவள எங்க காணோம்? சம்மந்தி ஊட்டுல இத நான் எப்படிக் காட்டறது? பொம்பள எடுக்குதுன்னு நம்பிக் குடுத்ததுக்கு இதுதானுங்களா?"

பொம்பளை என்ற அந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்குப் பதில் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அந்த நியாயம்தான் என் வாயைக் கட்டிப்போட்டது.

சீர்க்காரி அன்று பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளேயிருந்து வந்து அப்பாவின் மடியிலிருந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். முதல் படத்தைப் பார்த்தார். அடுத்த பக்கம் திருப்பவே இல்லை. விரலால் தொடப் போனவர், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார்.

"எங்கல்யாணத்துக்கு நீங்க போட்டாவே வெக்கலீங்களேப்பா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எனக்குன்னு போட்டா இதுதானுங்க மொதல்ல. நா இப்படித்தான் இருக்கறனான்னு இன்னக்கித்தான் தெரியுது."

பண்ணையக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். புது மருமகள் கதவோரம் நின்றிருந்தவள் வந்து சீர்க்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கங்களைப் புரட்டித் தாலிப் படத்தைக் கண்டுபிடித்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இது ஒண்ணு போதுங்க மாமா. இதுல நா நல்லா இருக்கறனுங்க" என்றாள்.

பண்ணையக்காரர் எழுந்து வெளியே போனார். போகும்போது என்னிடம், "சாப்பிட்டுப்போட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு அதுவே நிறைந்துவிட்டது. சீர்க்காரி மட்டும் விடவில்லை. அவர் தம்பியோடு இருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர வேண்டும் என்றார். கட்டிக்கொடுத்த ஊருக்கு அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுபோய் மாட்டினார்.

அந்தப் படத்தைப் பார்க்க அந்த ஊர்ப் பெண்கள் எல்லாம் போனார்களாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தம்பிக்காவது அண்ணனுக்காவது கல்யாணம் ஆக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூடப் பிறந்தவள் இருக்கிறாள். எந்தப் போட்டாக்காரனும் அவளை அதுவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. தாலி நேரத்துக்கு வருகிறவர்களுக்கு இணைச்சீர் என்று ஒன்று நடப்பதே தெரியாது. "எனக்கு அந்தச் சீலப் படம் எடுக்கற அம்மாதான் வரோணும்" என்று அவர்கள் பிறந்த வீட்டில் பிடிவாதம் பிடித்தார்கள். கூடப் பிறந்தவள் பிடிவாதம் பிடித்தால் எந்த வீட்டில் கல்யாணம் நடக்கும்? பெரியவர்கள் என்னைத் தேடிச் சேலத்துக்கு வந்தார்கள். அதற்கப்புறம் நான் ஒரு கல்யாணத்துக்குக்கூட வெறும் மூன்று ரோலோடு போனதில்லை. போனதும் முதல் வேலையாக, "உங்க வழக்கம் என்னங்க, எது எதுக்கப்புறம் எது?" என்று கேட்டுவிடுவேன். கேட்டால் புதுசு என்று நினைப்பார்கள் என்கிற பயம் போய்விட்டது. கேட்கிறவளுக்குத்தான் தொழில் தெரியும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

எண்பதுகள் வந்தன. கலர் ஃபிலிம் வந்தது. அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு கடை போட்டோம். முன்னால் ஸ்டுடியோ, பின்னால் டார்க் ரூம். என் வீட்டுக்காரர் தறியை விற்றுவிட்டு முழு நேரமும் விளக்குப் பிடிக்க வந்துவிட்டார். விளக்குப் பிடிப்பதில் அவரை மிஞ்ச சேலம் ஜில்லாவில் ஆள் இல்லை என்று நான் சொன்னால், பெண்டாட்டி சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். பல பேர் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஸ்டுடியோவில் என் மேசையில் அப்புறம் யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

எத்தனையோ கல்யாணம். ஆனால் ஒரு நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

திருச்செங்கோடு ரோட்டில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், நான் மட்டும் கிளம்பினேன். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று வந்தது. கையைக் காட்டினேன். டிரைவர் என் பையைப் பார்த்துவிட்டு, "கல்யாண ஊட்டுக்குங்களா? ஏறுங்கம்மா" என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். இணைச்சீர் முடிந்திருக்கும். தாலியையாவது பிடித்துவிடலாம், ஆனால் சீர் போயிற்று. எதற்காக என்னைக் கூப்பிட்டார்களோ அது போயிற்று. இனி அந்த வீட்டுச் சீர்க்காரியின் முகத்தில் எப்படி விழிப்பது?

லாரி பந்தல் வாசலிலேயே இறக்கிவிட்டது. உள்ளே மேளச் சத்தம் இல்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீர்க்காரி. கூறைச்சேலை மடிப்புக் கலையாமல் தட்டில் இருந்தது. அருமைக்காரர் நல்ல வயதானவர், நேரம் தவறினால் பந்தலையே விட்டு எழுந்து போய்விடுவார் என்று அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்தவர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீர்க்காரியின் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீங்க வாரதுக்கு முன்னால தலப்பத் தொட மாட்டன்னுட்டாளுங்க. பெரியவரும் சரி, அந்தம்மா வரட்டும்னு உக்காந்துட்டாருங்க."

வேர்வையில் என் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கேமராவை எடுத்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். சடங்கில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவர். மேளக்காரரைப் பார்க்காமல், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்க்காமல், என்னிடம் கேட்டார்.

"ஆரம்பிக்கலாமுங்களா, சாமி?"

பந்தல் முழுக்க என் பதிலுக்குக் காத்திருந்தது. நான் கேமராவைச் சீர்க்காரியின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"ஆரம்பிங்க" என்றேன்.